முதல் பாட்டிலிருந்து கடைசி வரை: கிளாசிக் ராக் ஆல்பங்களை முழுதாகக் கேட்க ஒரு வழிகாட்டி

பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ எனக்கு முதலில் கிடைத்தது ஒரு எம்பி3 சிடியில். பத்துப் பதினைந்து ஆல்பங்களை ஒரே சிடியில் அடைத்து விற்பார்களே, அந்த மாதிரி. அதில் பாட்டுகள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. ஆல்பத்தை முடித்து வைக்க வேண்டிய ‘எக்லிப்ஸ்’ நான்காவதாக வந்துவிடும். இதயத் துடிப்போடு எல்லாவற்றையும் தொடங்க வேண்டிய ‘ஸ்பீக் டு மீ’ ஏழாவதாக வரும். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடிகாரம், சிரிப்பு, யாரோ பேசுவது எல்லாம் கேட்கும், ஒரு அலறல் எழும், அதோடு சட்டென்று அறுந்துபோகும். பாட்டே இல்லையே என்று அதைத் தாண்டிவிடுவேன். இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டேன்.

பிறகு ஒரு நாள் நண்பன் வீட்டில் அதே ஆல்பத்தைக் கேசட்டில், சரியான வரிசையில் கேட்டேன். அந்த அலறல் ஏறி ஏறி, இனிமேல் தாங்காது என்கிற இடத்தில் அப்படியே ‘பிரீத்’ பாட்டின் கிதாருக்குள் இறங்கியது. மூச்சு விட்ட மாதிரி. இரண்டு வருடமாக என்னிடம் இருந்தது ஒரு பாதி ஆல்பம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டுகள் எல்லாம் இருந்தன, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடப்பது மட்டும் இல்லை.

நாம் வளர்ந்தது சினிமாப் பாட்டில். அங்கே ஒவ்வொரு பாட்டும் படத்தில் ஏதோ ஒரு இடத்துக்காகப் பிறக்கிறது, கேசட்டில் எந்த வரிசையில் வந்தாலும் பெரிய குறை தெரியாது. 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த நல்ல ராக் ஆல்பங்கள் வேறு வகை. எது முதலில், எது கடைசியில், எதற்குப் பிறகு எது என்பதற்கே வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையோடு கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராக் இசை பற்றி முன்னே பின்னே தெரிந்திருக்க வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் கையில் இருந்தால் போதும்.

படி 1: ‘சைடு’ என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்பி ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் ஒலித்தரம் கெடாமல் ஏறக்குறைய 20, 22 நிமிடம்தான் அடங்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடுகிற பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும், சத்தம் குறையும், பேஸ் மெலியும். ஆகவே ஒரு ஆல்பம் என்றால் நாற்பது சொச்சம் நிமிடம், நடுவில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டிய ஒரு இடைவெளி. அதாவது ஒரே ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. இசைக்கலைஞர்கள் இந்த நான்கு இடங்களையும் மிகவும் யோசித்து நிரப்பினார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் ஓரத்தில் ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் என்றால், நடுவில் லேபிளை நெருங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. அதே அளவு இசை குறைந்த தூரத்துக்குள் நெருக்கியடித்துப் பதிய வேண்டும், கூர்மையான ஒலிகள் அங்கே கொஞ்சம் மங்கும், கரகரக்கும். அதனால் பல ஆல்பங்களில் பளீரென்ற பாட்டு பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியான பாட்டு அதன் கடைசியிலும் இருக்கும். எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை, ஆனாலும் பழைய ஆல்பங்களில் ஒரு மெல்லிய பாட்டு நடுவில் வந்து நின்றால், முதல் சைடு முடிகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆகவே எந்த ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்னும், முதல் சைடு எந்தப் பாட்டோடு முடிகிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள். அப்புறம் அடுத்ததைப் போடுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ‘அபே ரோடு’ பற்றிச் சொல்லும்போது காட்டுகிறேன்.

படி 2: ஃபோனைச் சரிசெய்யுங்கள்

பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதன்மைப் பொத்தானாக வைப்பதைக் கைவிட்டது. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததை அதன் மேல் ஏற்றுவது. அதைச் சைபரில் வையுங்கள். கேப்லெஸ் பிளேபேக் இருந்தால் அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் ஒட்டி வர வேண்டிய பாட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன விக்கல் விழும், ‘டார்க் சைட்’ மாதிரி ஆல்பத்தில் அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். ஆட்டோபிளேயையும் நிறுத்துங்கள். கடைசிப் பாட்டு அடங்கிய பிறகு வரும் அமைதியில் செயலி தானாக வேறொரு பாட்டைக் கொண்டுவந்து கொட்டுவதைவிடக் கொடுமை இல்லை.

பதிப்பையும் கவனியுங்கள். ‘டீலக்ஸ்’, ‘சூப்பர் டீலக்ஸ்’ என்று இருந்தால் அசல் ஆல்பத்துக்குப் பின்னால் ஒத்திகைப் பதிவுகளும் கச்சேரிப் பதிவுகளும் வரிசையாக நிற்கும். அவற்றை இன்னொரு நாள் கேட்கலாம். முதல் தடவை, அசல் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள்.

ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கர் வேண்டாம். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, இடது வலது பிரிந்து கேட்கிற சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

படி 3: ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973)

முதலில் இதைத்தான் கேட்கச் சொல்வேன். 43 நிமிடம், பத்துத் தடங்கள். ஒரு பக்கத்துக்குள் பாட்டும் பாட்டும் ஒட்டியே வருவதால், முழு ஆல்பம் என்றால் என்ன என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போகும், விடுங்கள். ‘ஆன் தி ரன்’ வரும்போது காது கொடுங்கள். அதில் பாட்டு வரிகள் இல்லை, சின்தசைசர் ஓடிக்கொண்டே இருக்கும், இடமிருந்து வலமாக ஏதோ பறக்கும், ஒருவர் மூச்சிரைக்க ஓடுவார், கடைசியில் ஒரு பெரிய வெடிப்பு. வெடிப்பின் புகை அடங்குகிற மாதிரி சத்தம் தேய்கிறது, காலடி ஓசை கேட்கிறது, அதற்குள் டிக் டிக் என்று ஏதோ தொடங்கிவிட்டிருக்கிறது. இங்கே பாட்டு எப்போது மாறியது என்று கவனிக்கவே முடியாது. சட்டென்று ஒரு கடை நிறையக் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறும். அதுதான் ‘டைம்’. அந்தக் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார், வேறொரு சோதனைப் பதிவுக்காக. அவை இங்கே வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகும் உடனே பாட மாட்டார்கள். குழுவின் டிரம்மர் நிக் மேசனின் மேளங்கள் வெற்றிடத்தில் தட்டிக்கொண்டே இருக்கும், பாடுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். காலம் வீணாவதைப் பற்றிய பாட்டுக்காக உங்களைக் காக்க வைக்கிறார்கள்.

முதல் சைடின் முடிவு ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவின் மேல் கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் வெறும் குரலால் பாடுகிறார். அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார், 2005இல் சமரசமாகி, இப்போது அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. குரல் அடங்கியதும் நிறுத்துங்கள்.

இரண்டாவது சைடு காசுச் சத்தத்தோடு தொடங்கும். ‘மனி’. நாணயம் விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி மூடுவது என்று ஒவ்வொரு சத்தத்தையும் டேப்பில் அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு. மிஸ்ர சாபுவில் தட்டிப் பழகியவர்களுக்கு ஏழு எண்ணிக்கை புதிதல்ல, ஆனால் ராக் இசையில் அது அரிது. கிதார் தனித்து வாசிக்கும்போது மட்டும் நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்குத் திரும்பும். அந்த மாற்றத்தைத் தாளம் போட்டுக் கண்டுபிடித்தால் ஒரு தனிச் சந்தோஷம்.

கடைசியில் ‘பிரெய்ன் டேமேஜ்’ நேராக ‘எக்லிப்ஸ்’ஸுக்குள் போய், எல்லாம் சேர்ந்து உயர்ந்து, நின்று, மறுபடி அந்த இதயத் துடிப்பு. அதன் மேல் அபே ரோடு ஸ்டூடியோவின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓட்ரிஸ்கால் பேசுவது மெல்லக் கேட்கும்: நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்கிறார். குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் காட்டிப் பதில் சொல்ல வைத்துப் பதிவு செய்த குரல்கள் இவை. துடிப்பு முற்றிலும் மறையும்வரை ஹெட்ஃபோனைக் கழற்றாதீர்கள். 1973க்கும் 1988க்கும் இடையில் இந்த ஆல்பம் 741 வாரங்கள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இருந்தது. ஏன் என்று அந்தக் கடைசி நிமிடத்தில் புரியும்.

படி 4: ‘அபே ரோடு’ (1969), இடைவெளியோடு

பீட்டில்ஸ் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய ஆல்பம் இது. (‘லெட் இட் பி’ பிறகு வெளிவந்தாலும் அதன் பெரும்பகுதி முன்பே பதிவானது.) முதல் சைடில் தனித்தனிப் பாட்டுகள், நன்றாக இருக்கும், ‘மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்’ மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. நான் சொல்ல வருவது அந்தச் சைடின் கடைசிப் பாட்டை. ‘ஐ வாண்ட் யூ’, ஏழே முக்கால் நிமிடம். பின்பாதியில் ஒரே கிதார் வட்டம் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, கனம் கூடிக்கொண்டே போகிறது, பின்னால் புயல் மாதிரி ஒரு இரைச்சல் எழுந்து எல்லாவற்றையும் மூடப் பார்க்கிறது. இது எப்படி முடியும் என்று நினைக்கும்போதே, ஒரு சுற்றின் நடுவில், கத்தியால் வெட்டிய மாதிரி, நின்றுவிடும். ஒன்றுமில்லை. அறை அமைதி.

ரெக்கார்டில் கேட்டவர்கள் அந்த அமைதியில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு எழுந்து, தட்டைத் திருப்பி, ஊசியை வைப்பார்கள். கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ பாட்டின் அக்குஸ்டிக் கிதார், இரவு முழுக்க மழை பெய்து விட்ட பிறகு வருகிற வெயில் மாதிரி. ஜார்ஜ் ஹாரிசன் அதை கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதினார். இப்போது செயலியில் கேட்டால், வெட்டு விழுந்த மறுநொடியே அந்தக் கிதார் வந்துவிடுகிறது. வெயிலும் இருட்டும் ஒன்றின் மேல் ஒன்று மோதி இரண்டும் கெடுகின்றன. தயவுசெய்து அங்கே நிறுத்துங்கள். முழு இரண்டு நிமிடம்.

இரண்டாவது சைடில் ‘யூ நெவர் கிவ் மீ யுவர் மனி’ தொடங்கியதும் எதையும் செய்யாமல் உட்காருங்கள். அங்கிருந்து ‘தி எண்ட்’ வரை ஏறக்குறைய பதினாறு நிமிடம், பாதியில் நின்ற பாட்டுகள், துண்டுகள், எல்லாவற்றையும் பால் மெக்கார்ட்னியும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒரே மாலையாகத் தொடுத்திருக்கிறார்கள். ‘கேரி தட் வெய்ட்’ நடுவில், தொடக்கத்தில் கேட்ட மெட்டு திரும்பி வருவதைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். ‘தி எண்ட்’டில் ரிங்கோ தனியாக டிரம் வாசிக்கிறார், அதன் பிறகு பால், ஜார்ஜ், ஜான் மூவரும் மாறி மாறிக் கிதார் வாசிக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு தாளச் சுற்று. பிரியப் போகிறவர்கள் மூன்று பேரும் அடுத்தடுத்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள். பதினான்கு நொடி மௌனத்துக்குப் பிறகு ‘ஹெர் மெஜஸ்டி’ என்று 23 நொடிப் பாட்டு ஒன்று உண்டு. மாலையின் நடுவில் இருந்ததை பால் வேண்டாமென்று வெட்டச் சொன்னார், ஸ்டூடியோவில் எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பது விதி, ஆகவே உதவி ஒலிப்பதிவாளர் ஜான் கர்லேண்டர் அதை டேப்பின் கடைசியில் ஒட்டி வைத்தார். கேட்டவர்களுக்கு அப்படியே பிடித்துப்போனது. அது ஒரு பெரிய சத்தத்தோடு தொடங்குவதற்குக் காரணம், அந்தச் சத்தம் முன்பிருந்த ‘மீன் மிஸ்டர் மஸ்டர்ட்’ பாட்டின் கடைசி ஸ்வரம். அதன் சொந்தக் கடைசி ஸ்வரம் இல்லாமலே முடிகிறது.

படி 5: ஒட்டாத பாட்டுகள், ஆனாலும் ஒரே ஆல்பம்

இனிப் பாட்டுகள் தனித்தனியாக நிற்கும் ஆல்பங்களுக்கு வாருங்கள். இங்கே காது கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

ஃபிளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’ (1977). குழுவுக்குள் இரண்டு ஜோடிகள், இரண்டும் பிரிந்துகொண்டிருந்தன. டிரம் வாசித்த மிக் ஃபிளீட்வுட்டின் மணவாழ்க்கையும் அதே நேரத்தில் உடைந்துகொண்டிருந்தது. ‘டிரீம்ஸ்’ ஸ்டீவி நிக்ஸ் எழுதியது, ‘கோ யுவர் ஓன் வே’ லிண்ட்சி பக்கிங்ஹாம் எழுதியது. ஒரே பிரிவைப் பற்றி இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டில் வாதாடுகிறார்கள், அவள் சொல்லும்போது அவன் கிதார் வாசிக்கிறான், அவன் சொல்லும்போது அவள் பின்குரல் கொடுக்கிறாள். ‘யூ மேக் லவிங் ஃபன்’ கிறிஸ்டின் மெக்வீ தன் புதுக் காதலைப் பற்றி எழுதியது, அதில் பேஸ் வாசிப்பது விட்டுப் பிரிந்த கணவர் ஜான். இது தெரிந்து வரிசையாகக் கேட்டால் முப்பத்தொன்பது நிமிடமும் ஒரே வீட்டுக்குள் நடப்பது போலிருக்கும். முதல் சைடு ‘சாங்பேர்ட்’ என்ற அமைதியான பியானோப் பாட்டோடு முடிகிறது, இரண்டாவது ‘தி செயின்’ என்று ஐந்து பேரும் சேர்ந்து எழுதிய பாட்டோடு தொடங்குகிறது. ரெக்கார்டில் இடம் போதாமல் விடப்பட்ட ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ சில பிற்காலப் பதிப்புகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கிறது. அருமையான பாட்டு, ஆனால் அந்த இடத்தில் வேண்டாம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் டு ரன்’ (1975) எட்டே பாட்டுகள். இரண்டு சைடும் ஊரை விட்டு ஓடிவிடலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்கி (‘தண்டர் ரோடு’, ‘பார்ன் டு ரன்’), அந்த நம்பிக்கை நொறுங்கி முடிகின்றன (‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’, ‘ஜங்கிள்லேண்ட்’). கடைசிக்கு முந்தைய ‘மீட்டிங் அக்ராஸ் தி ரிவர்’ பியானோவும் டிரம்பெட்டும் மட்டும் ஒலிக்கிற மாதிரி ஒரு சின்னப் பாட்டு: ஏதோ ஒரு தப்பான வேலைக்கு ஆற்றைக் கடந்து போகக் கிளம்புகிறவன், இந்தத் தடவையாவது சொதப்பக் கூடாது என்று நண்பனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று பாட்டு சொல்லாது. அது அடங்கியதும் ‘ஜங்கிள்லேண்ட்’டின் வயலின் எழும்போது எனக்கு வயிற்றில் ஏதோ கவ்வும். தனியாகக் கேட்டால் அந்தப் பாட்டு அப்படிச் செய்வதில்லை.

படி 6: மறுநாள் அதையே மறுபடி

முதல் தடவை வரிகளைப் படிக்காதீர்கள். கண் வரியில் இருந்தால் காது பின்னால் நிற்கும். இரண்டாவது தடவை வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், புரியாத இடங்களைத் தேடிப் படியுங்கள். மூன்று தடவை முழுதாகக் கேட்கும்வரை எந்தப் பாட்டையும் தாண்டாதீர்கள். பிடிக்காத பாட்டு அடுத்த பாட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதற்காகவே அங்கே இருக்கலாம், ‘ஆன் தி ரன்’ எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் சரி, விட்டுவிடலாம்.

படி 7: அடுத்து என்ன

பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975). ‘ஹேவ் எ சிகார்’ பாட்டின் முடிவில் முழுக் குழுவின் சத்தமும் உறிஞ்சப்பட்டு ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய்விடும், யாரோ ஸ்டேஷன் மாற்றுவார்கள், ரேடியோவுக்குள்ளிருந்து ஒரு கிதார் வாசிக்கும், அப்புறம் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னொரு கிதார் அதோடு சேர்ந்துகொள்ளும். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966), 36 நிமிடம்தான். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காமலிருந்தது, அவர் அதை இடது வலது பிரியாத மோனோவில்தான் அமைத்தார், மோனோ பதிப்பைத் தேடிக் கேளுங்கள். லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் (1971): எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ முதல் சைடின் முடிவு, ஆனால் எனக்கு அந்த ஆல்பம் முடிகிற ‘வென் தி லெவி பிரேக்ஸ்’தான் பெரிது. ஜான் பான்ஹமின் டிரம்மை ஒரு பழைய பெரிய வீட்டின் மாடிப்படி அடியில் வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள், வீடே முழங்குகிறது.

இரண்டு தட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972) பதினெட்டுப் பாட்டு, முதல் தடவை எல்லாம் ஒரே குழம்பாகத் தெரியும். பெரும்பகுதி தெற்கு பிரான்சில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த வீட்டின் நிலவறையில் பதிவானது, அந்தப் புழுக்கம் ஒலியிலேயே இருக்கிறது. ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு சைடு.

தி ஹூவின் ‘குவாட்ரோஃபீனியா’ (1973) இவற்றில் மிகப் பெரியது, நான்கு சைடு, எண்பது நிமிடத்துக்கு மேல். 1960களில் பிரைட்டன் கடற்கரைக்கு ஓடிப்போகும் ஜிம்மி என்ற பையனின் கதை, அவனுக்குள் நான்கு குணங்கள், குழுவில் உள்ள நான்கு பேருக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டு. முதல் தடம் ‘ஐ ஆம் தி சீ’யில் அலையும் மழையும்தான் கேட்கும், தூரத்தில் யாரோ ஏதோ பாடுவது காற்றில் வந்து வந்து போகும், முதல் தடவை அது என்னவென்றே புரியாது. ஒரு விடுமுறை நாளில் நான்கு சைடையும் கேட்டு, ‘லவ் ரெய்ன் ஓவர் மீ’ முடிந்ததும் உடனே அணைக்காமல், முதல் தடத்துக்குத் திரும்பி அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள். அலைகளுக்கு நடுவில் அந்த நான்கு மெட்டுகளும் ஒவ்வொன்றாக வரும், இப்போது நான்கும் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும்.